உப்பில்லாத தட்டு

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க என்னால் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்கு வந்த ஆறுமுகம் நம் வீட்டுக்கும் வந்தான். ஜூரோங்கில் உன்னோடு ஒரே அறையில் படுத்து எழுகிறவன் என்பதால் உன் அம்மா அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, நீ ஏன் வரவில்லை என்று கேட்டாள். "அவன் எங்கம்மா வருவான், விரதம்ல. இங்க வந்தா நீங்க சோத்துல உப்பப் போட்டுருவீங்கன்னு பயப்படுறான் லா," என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். இரும்பு வார்க்கிற அந்தப் பட்டறையில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் உப்பு மாத்திரையை நீ தொடுவதில்லை என்பதும், உலைக்கு முன்னால் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாய் என்பதும் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. என் நெஞ்சு சரியாக வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, தீ மிதிக்கும் நாள் வரைக்கும் உப்பை விட்டிருக்கிறாயாம். உன் அம்மாவுக்கு இது முன்பே தெரியும் என்பது, அவள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போன வேகத்தில் எனக்குத் தெரிந்துபோனது.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை வள்ளி எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், என் பேச்சைத் துடைத்துச் சுத்தமாக்கித்தான் எழுதுவாள். சில இடங்களில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். அங்கேயும் எழுது என்று சொல்லியிருக்கிறேன். நேரில் பேசியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தால் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசுவோம். அதைத் தாண்டிப் போனதில்லை. போகாததற்கு நீ காரணமில்லை.

உன் தாய்மாமன் மாணிக்கம் உன் உயிருக்காகத் தன் உயிரைக் கொடுத்தார் என்று கேட்டு வளர்ந்தவன் நீ. வருஷா வருஷம் அவர் படத்துக்கு முன்னால் படையல் வைக்கும்போது உன் அம்மா உன்னை முதலில் விழுந்து கும்பிடச் சொல்வாள். "ஒன்ன மீட்டு வாங்குன மனுசன்டா, கும்புட்டுக்க," என்பாள். நீ சின்னப் பையனாக இருந்தபோது அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்கவே பயப்படுவாய். வளர்ந்த பிறகு அதையே உனக்கும் ஒரு வழி என்று எடுத்துக்கொண்டாய் என்று இப்போது புரிகிறது. மாமா உப்பை விட்டார், நான் பிழைத்தேன். நான் உப்பை விட்டால் அப்பா பிழைப்பார். உன் மனசு இப்படித்தான் போயிருக்கும். அதனால் மாமா எப்படிச் செத்தார் என்பதை, நான் பார்த்தபடி, உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில், நாங்கள் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்த காலம். நானும் மாமாவும் ரோட்டுக்குத் தார் ஊற்றும் கூட்டத்தில் வேலை பார்த்தோம். உனக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய். காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். உன் அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சாயங்காலம் உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்த மாமா, "மருமகன் எந்திருச்சு நடந்தா நான் பூக்குழி எறங்குறேன்," என்று அங்கேயே கைகூப்பிவிட்டார். அதற்குப் பிறகு உன் காய்ச்சல் விட்டது. வேண்டுதல் விட வைத்ததா, ஆஸ்பத்திரி மருந்து விட வைத்ததா என்று எனக்குத் தெரியாது. அதை அம்மன் கணக்கிலேயே வைத்துக்கொள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். நீ வீட்டுக்கு வந்து, தட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய பிறகுதான் மாமா விரதத்தையே ஆரம்பித்தார்.

கோயிலில் கேட்டது மரக்கறிச் சாப்பாடும் சுத்தமும்தான். உப்பை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது மாமாவே சேர்த்துக்கொண்டது. கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. கஞ்சியில் எல்லோரையும்விட ஒரு பிடி உப்பு அதிகமாகப் போட்டுக் கலக்கிக் குடிப்பார். "கறி மீன விடுறது என்னா மாப்ள பெரிய காரியம்? எது இல்லாம முடியாதோ அத விட்டாத்தான வேண்டுதல்," என்றார். வேலையை மட்டும் விடவில்லை. விரதம் இருக்கிறவர்கள் பலர் லீவு கேட்பார்கள், நிழல் வேலை கேட்பார்கள். மாமாவுக்கு அது வெட்கம்.

அந்த வேலையை நீ பார்த்ததில்லை. ரோட்டோரத்தில் விறகை எரித்து டிரம்மில் தாரைக் கொதிக்க வைப்போம். வாளியில் மொண்டு போய் ஜல்லி மேல் ஊற்ற வேண்டும். காலில் டயர் செருப்பு, அதற்கு மேல் சாக்குச் சுற்று. மேலே வெயில், கீழே தார், பக்கத்தில் நெருப்பு. அப்போது சுவா சூ காங் ரோட்டில் வேலை. இரண்டு பக்கமும் கோழிப் பண்ணையும் காய்கறித் தோட்டமும், நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. முதல் வாரம் மாமா நன்றாகத்தான் இருந்தார். அடுத்த வாரம் ராத்திரியில் ஆடுசதை இழுத்துக்கொண்டு கத்துவார். உன் அம்மா எண்ணெய் போட்டு நீவி விடுவாள். அப்புறம் குனிந்து வேலை செய்துவிட்டு நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது என்றார். தண்ணீரை மட்டும் மொண்டு மொண்டு குடித்தார், குடித்ததை வாந்தி எடுத்தார். எங்கள் கூட்டத்தில் சின்னையா என்று ஒருவன், வாய் சும்மா இருக்காது. "மாணிக்கண்ணே, ஆத்தா ஒன்னப் பூக்குழிக்குக் கூப்புட்டாளா, இல்ல நேரா வீட்டுக்கே கூப்புட்டாளா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார்.

கடைசி நாள் மத்தியானம் அவர் என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். "பாத்தியா மாப்ள, ஒரு சொட்டு வேர்வ இல்ல. இந்த வெயில்ல. ஆத்தா என்னக் குளிர வச்சிட்டா." தோல் காய்ந்து சிவந்து கிடந்தது. எனக்கும் அது அதிசயமாகத்தான் பட்டது. கொஞ்ச நேரத்தில் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தார். உடம்பு நடுங்கியது, கண் மேலே செருகியது, வாய்க்குள் ஏதோ பேசினார். சின்னையா வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "டேய், எறங்கிட்டாடா. ஆத்தா எறங்கிட்டா." மண்டோர் தொப்பியைக் கழற்றினார். எங்களை மேய்க்கிறவர், யாருக்கும் தலை வணங்காத ஆள், அவரே செருப்பை உதறிவிட்டுக் கொதிக்கிற ரோட்டில் வெறுங்காலோடு நின்றார். யார் மடியிலோ இருந்த விபூதியை எடுத்து நெற்றியில் அள்ளிப் பூசினார்கள்.

மாமா தெளிவாக ஒரே ஒரு சொல் சொன்னார். "உக்காரணும்," என்றார். நான் கேட்டேன். எல்லோரும் கேட்டோம். "ஆசனம் கேக்குறா," என்றான் சின்னையா. நான் அவரை உட்கார வைக்கப் போனேன். "தாருலயும் புழுதியிலயும் ஆத்தாள உக்கார வைப்பியா? பாவம்யா. புடிச்சு நிறுத்துங்க. யாராவது போயி சுத்தமான பலகை கொண்டாங்க," என்று மண்டோர் சத்தம் போட்டார். ஒருவன் பண்ணைப் பக்கம் பலகை கேட்டு ஓடினான். நானும் சின்னையாவும் இரண்டு பக்கமும் அக்குளில் கை கொடுத்து அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். தார் வாளியின் காதை வெறுங்கையால் பிடித்த மாதிரி உடம்பு கொதித்தது. அவர் நெஞ்சு என் புறங்கையில் அடித்தது. அப்படி ஒரு வேகத்தை நான் எந்த மனிதனிடமும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் சின்னையா அவர் காதுக்குள் குனிந்து, "தாயி, எம் பொஞ்சாதி கப்பலேறி வந்துருவாளா? கடுதாசி மட்டுந்தான் வருது," என்று அழுதுகொண்டே குறி கேட்டான். மாமாவின் தலை தொங்கி ஆடியது. வருவாள் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு அவன் இன்னும் அழுதான்.

பலகையோடு வந்தது பண்ணைக்காரச் சீனப் பெண்மணி. சாமி விஷயம் என்று தெரிந்து, மரியாதையாகத் துடைத்துத்தான் கொண்டு வந்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் பலகையை வீசிவிட்டாள். "ஓராங் சாக்கிட். போடோ, சாக்கிட்," என்று மலாயில் கத்தினாள். மனுஷனுக்கு நோய், மடையன்களா என்று எங்களைத் திட்டினாள். எங்கள் கையைத் தட்டிவிட்டு, அவரைக் கீழே படுக்க வைத்து, தோட்டத்துத் தண்ணீரை வாளி வாளியாகத் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினாள். அவள் சொன்ன பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் கண் தெரிந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். புக்கித் தீமா ரோட்டில் வரும்போதே என் மடியில் உயிர் போய்விட்டது.

லைன் வீட்டில் உடலைக் கிடத்தியபோது, அருளோடு போன உயிர் என்று கூட்டம் கூட்டமாக வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பிள்ளைக்குப் பதிலாக அம்மன் அண்ணனை எடுத்துக்கொண்டாள் என்று உன் அம்மா சொல்லி அழுதாள். நான் மறுக்கவில்லை. அன்றைக்கு எனக்கும் வேறொன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் காலுக்குக் கீழே இருந்த அந்த ஒரு பலகையையும் உருவியிருக்க மாட்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் மனசு உறுத்த ஆரம்பித்தது. அவர் கேட்டது ஆசனம் இல்லையே, உட்கார வேண்டும் என்றுதானே கேட்டார் என்று. அதை யாரிடம் போய்க் கேட்பது?

கேட்க ஆள் கிடைத்தது இந்த வருஷம்தான். என் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பார்க்கிற டாக்டர் ஒரு சீனப் பெண். கடைத்தெரு மலாய் பேசுவார், நானும் அதைத்தான் பேசுவேன். என் நெஞ்சைக் கேட்டுவிட்டு, இனிமேல் சாப்பாட்டில் உப்பு கூடாது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். உப்பை விட்டுச் செத்த மச்சானைப் பற்றிச் சொன்னேன். வெளியே ஜனம் காத்திருந்தும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டார்.

அவர் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். நீ உலைக்கு முன்னால் நிற்கும்போது உன் உடம்பு சூட்டை வெளியேற்ற இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. முகம் சிவப்பது அதனால்தான். தோலுக்கும் காலுக்கும் போன இரத்தம் இருதயத்துக்குத் திரும்பி வருவது குறையும். குறைந்ததை வைத்துக்கொண்டு உடம்பு முழுவதற்கும் ஈடுகொடுக்க இருதயம் வேகமாக அடிக்க வேண்டும். அப்படி அடி அடி என்று அதை விரட்டுவதற்கு ஒரு சுரப்பு இருக்கிறதாம், பயந்தால் நெஞ்சு படபடக்கிறதே, அதே சுரப்புதான். இன்னொரு பக்கம் வேர்வையில் தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அது இன்னொரு சுரப்பை விட்டு, இருக்கிற உப்பை விடாதே, பிடித்து வை என்று சொல்லும். வேர்வையில்கூட உப்பைக் குறைத்துவிடும். மாமா முதல் வாரம் தாக்குப் பிடித்தது அதனால்தான். நீயும் இப்போது அப்படித்தான் தாக்குப் பிடிக்கிறாய், அதை அம்மன் அருள் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். உள்ளே உப்பே வராவிட்டால் அந்தச் சுரப்பி எதைப் பிடித்து வைக்கும்? உப்பில்லாமல் குடிக்கிற தண்ணீர் இரத்தத்தில் தங்காது. இரத்தம் வற்றும், சதை இழுக்கும், புத்தி தடுமாறும். கடைசியில் வேர்வையும் நின்று, உடம்பு உள்ளுக்குள்ளேயே வேகும். அந்த நிலையில் இருக்கிறவனை நிமிர்த்தி நிறுத்தினால், மிச்சம் இருக்கிற இரத்தமும் காலுக்கு இறங்கிவிடும், இருதயம் தண்ணீரில்லாத பம்பு மாதிரி வெறுமனே அடிக்கும் என்றார். படுக்க வைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "அந்தச் சீன அம்மா செய்ததுதான் சரி," என்று மட்டும் சொன்னார்.

பிறகு என்னைப் பற்றியும் சொன்னார். என் இருதயம் பழசாகிவிட்டது, முன்போல இரத்தத்தைத் தள்ளுவதில்லை. இரத்தம் குறைவாக வருவதைப் பார்த்து அந்தக் குல்லாய்ச் சுரப்பி, இவன் இன்னும் தார் ரோட்டில்தான் நிற்கிறான், வற்றிப்போய்விட்டான் என்று நினைத்துக்கொள்கிறது. நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு உப்பைப் பிடித்துப் பிடித்து வைக்கிறது. அந்த உப்போடு தண்ணீரும் தங்கி என் காலில் தேங்குகிறது. மாமாவுக்கு எது இல்லாமல் உயிர் போனதோ அது எனக்கு அதிகமாகி உயிரை வாங்குகிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இது சரியாகுமா என்றும் கேட்டேன், தம்பி. மாத்திரை கொடுக்கிறேன், உப்பைக் குறைத்தால் கொஞ்ச காலம் சௌகரியமாக இருக்கலாம் என்றார். சௌகரியம் என்றுதான் சொன்னார். சரியாகும் என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் ஆறுமுகம் போன பிறகு உன் அம்மாவிடம் சொன்னேன். "எங்கண்ணன் சும்மா செத்தான்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றால் அவளுக்கு அண்ணன் இரண்டாம் தடவை சாகிறார். இல்லை என்றால் நீ சாவாய். "ஒன் அண்ணன் உக்காரணும்னு கேட்டாரு. நாங்க உக்கார விடல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்," என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. எனக்குச் சோறு வைக்கிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள், பேச்சு மட்டும் இல்லை. படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு வெகுநேரம் நிற்கிறாள்.

நீ பூக்குழி இறங்குவதை நான் தடுக்க வரவில்லை. மரக்கறி சாப்பிடு, மஞ்சள் கட்டிக்கொள், கோயிலில் கேட்பதையெல்லாம் செய். அன்றைக்கு என்னால் முடிந்தால் நானும் வந்து ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். உப்பை மட்டும் இன்றைக்கே சேர்த்துக்கொள். பட்டறை மாத்திரையைத் தண்ணீரோடு போடு. தலை சுற்றினால் படுத்துவிடு, யார் சிரித்தாலும் படுத்துவிடு. உன்னை யாராவது தூக்கி நிறுத்த வந்தால் ஆறுமுகம் விடமாட்டான், அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். எனக்கு இன்னொரு தீபாவளி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நீ உப்பைச் சேர்த்துக்கொண்ட பிறகு நான் போனால், பிள்ளை விரதத்தை முறித்தான், அப்பன் போனான் என்று ஒரு பேச்சு கிளம்பும். நம் சனங்கள் பேசுவார்கள். உன் அம்மா வாயிலிருந்தேகூட வரலாம். உன் மனசும் ராத்திரியில் அப்படித்தான் சொல்லும். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள். விரதத்தை முறிக்கச் சொன்னது நான். என் நெஞ்சு என்னோடு வேலை பார்த்துத் தேய்ந்தது. அதற்கும் உன் தட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருத்தருக்குப் பதிலாக ஒருத்தர் என்ற கணக்கை உன் தலையில் நாங்கள்தான் ஏற்றி வைத்தோம். நான் இருக்கும்போதே அதை இறக்கி வைத்துவிடு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா அடுக்களையிலிருந்து வந்து, துணி சுற்றிய ஒரு ஜாடியை வள்ளிக்குப் பக்கத்தில் வைத்தாள். எலுமிச்சங்காய், உப்பிலே ஊறினது. ஆறுமுகம் வரும்போது கடிதத்தோடு கொடுத்தனுப்ப வேண்டுமாம். என்னைப் பார்க்காமல் வள்ளியிடம்தான் பேசினாள். "கழுவிட்டுத் திங்கப் போறான். கழுவாம அப்புடியே திங்கச் சொல்லி எழுது," என்றாள். வள்ளி எழுதிவிட்டாள்.

மாதக் கடைசியில் வீட்டுக்கு வா. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம், மழையைப் பற்றியே பேசினாலும் சரி. உன் தட்டில் உன் அம்மா உப்புப் போடுவாள், நீ அதை அப்படியே சாப்பிட வேண்டும். இந்த வீட்டுக்கு உப்பில்லாத தட்டு ஒன்று போதும். அது என்னுடையது.

உன் அப்பா